ஆறு ஆயுதம், ஆறு துணைப்பொருள்: எங்கள் குடும்பக் குழுவில் வேம்பயர் சர்வைவர்ஸ்

[மாலை 6:41] கதிர்: செல்வி அக்கா, வேம்பயர் சர்வைவர்ஸ் வீடியோ கேமில் மேட் ஃபாரஸ்ட் களத்தின் முடிவுத் திரையை இங்கே அனுப்பியிருக்கிறேன். அன்டோனியோ என்ற பாத்திரத்தை வைத்து ஆடுகிறேன். பத்து நிமிடம் வரை எதிரிகள் சாட்டை பட்டாலே விழுகிறார்கள். அதற்குப் பிறகு அதே சாட்டை எதையும் அசைப்பதில்லை. என்ன தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

[மாலை 6:48] பெரியப்பா: அந்தப் படத்தை நானும் பார்த்தேன். கதிர் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். அவன் ஒரு விரலால் அந்த மனிதனை நகர்த்துகிறானே தவிர, அடிப்பதற்கு எந்தப் பொத்தானையும் அழுத்துவதில்லை. ஆயுதம் தானாகவே அடிக்கிறது என்றால், ஆடுபவனின் திறமைக்கு அங்கே என்ன வேலை? உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்கிறேன் அம்மா.

[மாலை 7:05] செல்வி: நல்ல கேள்வி பெரியப்பா. கதிருக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. எப்போது அடிப்பது என்பதை ஆயுதம் பார்த்துக்கொள்கிறது; எங்கே நிற்பது, எதைக் கையில் வைத்திருப்பது என்ற இரண்டும் ஆடுபவருடைய பொறுப்பு. சாட்டை இடம், வலம் என்று கிடைமட்டமாக மட்டுமே வீசும், ஆகவே தலைக்கு மேலிருந்து இறங்கி வரும் கூட்டத்தை அது தொடாது. கத்தி நாம் முகம் திரும்பியிருக்கும் திசையில் பறக்கும். மேஜிக் வாண்ட் மிக அருகிலுள்ள எதிரியைத் தானே தேடிப் போகும். பூண்டு நம்மைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் வருபவர்களை மட்டும் தாக்கும். இந்த நான்கையும் சேர்த்து வைத்திருப்பவர் ஒவ்வொரு நொடியும் எந்தப் பக்கம் நடப்பது என்று தீர்மானித்துக்கொண்டே இருக்கிறார், அந்தத் தீர்மானம்தான் அவருடைய அடி.

[மாலை 7:09] பெரியப்பா: அப்படியென்றால் ஓடிக்கொண்டே இருந்தால் தப்பித்துவிடலாமே?

[மாலை 7:16] செல்வி: முடியாது பெரியப்பா. விழுந்த எதிரிகள் விட்டுப்போகும் நீல, பச்சை, சிவப்புக் கற்களை எடுத்தால்தான் நம் லெவல் உயரும், லெவல் உயர்ந்தால்தான் புதிய ஆயுதமோ, தானாக அடிக்காமல் நமக்கும் ஆயுதங்களுக்கும் பலம் கூட்டும் துணைப்பொருளோ கிடைக்கும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. களத்தில் குறைந்தது இத்தனை எதிரிகள் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நிமிடத்திற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நாம் வேகமாக வீழ்த்தினால் அந்தக் குறையை நிரப்பப் புதியவர்கள் உடனே வருவார்கள். எனவே தொடக்கத்தில் வேகமாக வீழ்த்துபவருக்குக் கற்களும் கூடுதலாகக் கிடைக்கும். ஓடுபவர் கற்களை விட்டுவிட்டு ஓடுகிறார், எதிரிகளின் வலிமையோ நிமிடக் கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது.

[மாலை 7:30] செல்வி: கதிர், உன் முடிவுத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாட்டை, பூண்டு, கத்தி, மேஜிக் வாண்ட், சாண்டா வாட்டர், கிங் பைபிள் என்று ஆறு ஆயுத இடங்களும் நிரம்பியிருக்கின்றன. துணைப்பொருள்களில் விங்ஸ், கிரவுன், அட்ராக்டார்ப், ஆர்மர், ஸ்டோன் மாஸ்க், க்ளோவர் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல பொருள்தான், ஆனால் இந்த ஆறில் உன் ஆயுதங்களோடு ஜோடி சேருவது அட்ராக்டார்ப் ஒன்றுதான். அது சாண்டா வாட்டரை லா போர்ராவாக மாற்றும். சாட்டைக்கு ஹாலோ ஹார்ட், பூண்டுக்குப் பம்மரோலா, கத்திக்கு ப்ரேசர், மேஜிக் வாண்டுக்கு எம்ப்டி டோம், கிங் பைபிளுக்கு ஸ்பெல்பைண்டர் வேண்டும். ஆர்மர் ரூன்ட்ரேசருக்கும் க்ளோவர் க்ராஸுக்கும் உரிய ஜோடிகள், அந்த இரண்டு ஆயுதங்களும் உன்னிடம் இல்லை. பத்து நிமிடத்திற்குப் பிறகு சாட்டை பலம் இழந்ததுபோல் உனக்குத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். அந்த நேரத்திலிருந்து ஆட்டம் எவல்யூஷன் அடைந்த, அதாவது ஜோடிப் பொருளால் உயர்ந்த வடிவத்துக்கு மாறிய, ஆயுதங்களைத்தான் எதிர்பார்க்கிறது.

[மாலை 7:34] கதிர்: ஜோடிப் பொருளையும் கடைசி லெவல் வரை உயர்த்த வேண்டுமா அக்கா?

[மாலை 7:41] செல்வி: தேவையில்லை. நான் சொன்ன இந்த ஜோடிகளில் ஆயுதம் 8-ஆம் லெவலை எட்ட வேண்டும். துணைப்பொருள் ஒரே ஒரு லெவல் இருந்தாலே போதும். அதன் பிறகு, பத்தாவது நிமிடத்திலிருந்து தோன்றும் பெரிய எதிரியை வீழ்த்தி, அது விட்டுச்செல்லும் பெட்டியைத் திறக்க வேண்டும். பெட்டி விழும் நேரத்தில் ஆயுதம் 7-ஆம் லெவலில் நிற்கிறது என்றால் பெட்டியைத் தொடாதே. அது அங்கேயே கிடக்கும். ஆயுதம் 8-ஐ எட்டிய பின் திரும்பி வந்து திறக்கலாம். இதனால்தான் தொடக்கத்தில் ஆறு ஆயுதங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தக் கூடாது. ஒன்றை, மிஞ்சினால் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு பத்து நிமிடத்திற்குள் 8-ஆம் லெவலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

[மாலை 7:58] முரளி: செல்வி சொன்னதோடு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. சாட்டையின் அடிப்படைச் சேதம் 10. 8-ஆம் லெவலில் அது 40 ஆகிறது. ஸ்பினாச் என்ற துணைப்பொருள் ஒரு லெவலுக்கு 10 சதவீதம் என்று ஐந்து லெவலில் 50 சதவீதம் வலிமை சேர்க்கும், ஆக 40 என்பது 60 ஆகும். அன்டோனியோவுக்குப் பத்து லெவலுக்கு ஒருமுறை 10 சதவீதம் கூடி, ஐம்பதாம் லெவலில் அவருடைய பங்காகவும் 50 சதவீதம் வந்துவிடும். இந்த இரண்டு ஐம்பதுகளும் ஒன்றையொன்று பெருக்குவதில்லை, கூட்டப்படுகின்றன. எனவே சேதம் 80 ஆகும், 90 ஆகாது. அதாவது அன்டோனியோ ஏற்கெனவே வலிமை சேர்த்து வைத்திருப்பதால், அவர் கையில் ஸ்பினாச்சின் ஒவ்வொரு லெவலும் மற்றவர்களிடம் தருவதைவிடக் குறைந்த பலனையே தரும்.

[இரவு 8:06] முரளி: எம்ப்டி டோம் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. இரண்டு அடிகளுக்கு இடையிலுள்ள காத்திருப்பை அது லெவலுக்கு 8 சதவீதம் வீதம் குறைத்து, ஐந்து லெவலில் 40 சதவீதம் வரை கொண்டுபோகும். நூறு நொடியில் நடந்தது அறுபது நொடியில் நடந்தால் அடிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1.67 மடங்காகிறது. முதல் லெவலில் காத்திருப்பு 100-இலிருந்து 92-க்கு இறங்கும்போது கிடைப்பது 8.7 சதவீத வேகம். கடைசி லெவலில் 68-இலிருந்து 60-க்கு இறங்கும்போது கிடைப்பதோ 13.3 சதவீதம். ஸ்பினாச்சின் கடைசி லெவல் 140-ஐ 150 ஆக்குகிறது, அது வெறும் 7.1 சதவீதம்தான். ஆகவே எம்ப்டி டோமை எடுத்தால் பாதியில் நிறுத்தாமல் கடைசி வரை உயர்த்துங்கள்.

[இரவு 8:11] கதிர்: அப்படியானால் எல்லா ஆயுதங்களுக்கும் எம்ப்டி டோமே சிறந்ததா முரளி அண்ணா?

[இரவு 8:19] முரளி: அப்படிப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது தம்பி. எந்த ஆயுதம் எந்தப் பண்பை ஏற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீச்சிலும் ஓர் எறிபொருளைக் கூட்டித் தரும் டூப்ளிகேட்டரை எடுத்துக்கொள்: சாட்டையின் இரண்டு வீச்சுகள் மூன்றாகும்போது அது 50 சதவீத உயர்வு, ஆனால் பூண்டுக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது. கேண்டலாப்ரடார் என்ற துணைப்பொருள் பூண்டின் வட்டத்தையே விரிக்கும். கிங் பைபிள் சிறிது நேரம் சுற்றி, பிறகு மறைந்து, மீண்டும் தோன்றும் ஆயுதம் என்பதால், அது சுற்றும் நேரத்தை நீட்டிக்கும் ஸ்பெல்பைண்டருக்கு அங்கே மதிப்பு அதிகம். அதே ஸ்பெல்பைண்டர் சாட்டைக்குப் பயன்படாது.

[இரவு 8:24] செல்வி: அந்த ஜோடியை நான் மிகவும் விரும்புகிறேன். கிங் பைபிள் அன்ஹோலி வெஸ்பர்ஸாக மாறியபின் சுற்றுவதை நிறுத்துவதே இல்லை. புத்தகங்கள் இடைவெளியின்றி நம்மைச் சுற்றி வர, எதிரிகள் அந்த வளையத்தில் மோதி மோதிப் பின்னுக்குத் தள்ளப்படுவார்கள். நாம் நின்ற இடத்திலிருந்தே மற்ற ஆயுதங்கள் வேலை செய்வதைக் கவனிக்கலாம். முடிவுத் திரையில் ஒவ்வோர் ஆயுதமும் மொத்தம் எவ்வளவு சேதம் செய்தது, நொடிக்கு எவ்வளவு செய்தது என்ற இரண்டும் இருக்கின்றன. மொத்தத்தை மட்டும் பார்த்தால் முதலிலிருந்தே கையில் இருந்த சாட்டை உயர்ந்து தெரியும், பின்னால் வந்த ஆயுதத்தின் உண்மையான பலம் நொடிக் கணக்கில்தான் தெரியும். கதிர், அடுத்த முறை அந்தப் பத்தியைப் படித்துவிட்டு எதைக் கைவிடுவது என்று முடிவு செய்.

[இரவு 8:33] பெரியப்பா: பெட்டி திறக்கும்போது பொற்காசுகள் கொட்டி, இசை முழங்கி, திரை முழுவதும் பளிச்சிடுகிறதே, அது எனக்குச் சற்றுக் கவலையாக இருக்கிறது. சூதாட்ட இயந்திரத்தைப் பார்ப்பதுபோல் தோன்றுகிறது. பிள்ளைகளிடம் பணம் பறிக்கும் வழி ஏதும் அதில் இருக்கிறதா?

[இரவு 8:45] செல்வி: நீங்கள் கவனித்தது மிகச் சரி பெரியப்பா. இதை உருவாக்கிய லூக்கா கலான்டே என்ற இத்தாலியர் அதற்கு முன் சூதாட்ட மென்பொருள் துறையில் பணியாற்றியவர், அந்தப் பெட்டியின் மினுமினுப்பு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் பெட்டியைத் திறக்க இந்த ஆட்டம் உண்மைப் பணம் எதையும் கேட்பதில்லை. உள்ளே சேரும் பொற்காசுகளும் ஆட்டத்துக்குள்ளேயே செலவாகின்றன. கூடுதல் பாத்திரங்களும் களங்களும் கொண்ட தொகுப்புகளைத் தனியே விற்கிறார்கள், அவற்றை வாங்காமலேயே முழு ஆட்டத்தையும் ஆடலாம். 2021 டிசம்பரில் ஸ்டீம் என்ற கணினி ஆட்டக் கடையில் முன்னோட்டமாக வந்து, 2022 அக்டோபரில் முழுமை பெற்ற இந்தச் சிறிய ஆட்டம், 2023-இல் எல்டன் ரிங் போன்ற பெரும் படைப்புகளோடு போட்டியிட்டுச் சிறந்த ஆட்டத்துக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருதைப் பெற்றது. அது தகுதியான விருது என்றே நான் நினைக்கிறேன்.

[இரவு 8:49] பெரியப்பா: இப்போது தெளிவாகப் புரிகிறது. விளக்கமாகச் சொன்னதற்கு மகிழ்ச்சி அம்மா.

[இரவு 9:10] கதிர்: நான் ஒரு திட்டம் எழுதியிருக்கிறேன், இருவரும் பாருங்கள். ஆயுதங்களில் சாட்டை, பூண்டு, மேஜிக் வாண்ட், கிங் பைபிள், சாண்டா வாட்டர், லைட்னிங் ரிங். கத்தியை விட்டுவிட்டேன், ஏனென்றால் முகம் திரும்பிய திசையில் மட்டும் பறக்கும் ஆயுதம் நான் நடக்கும் விதத்துக்கு ஒத்துவரவில்லை. துணைப்பொருள்களில் எம்ப்டி டோம், ஸ்பெல்பைண்டர், அட்ராக்டார்ப், டூப்ளிகேட்டர், கேண்டலாப்ரடார், ஸ்பினாச். ஆனால் சாட்டைக்கு வேண்டிய ஹாலோ ஹார்ட்டுக்கும் பூண்டுக்கு வேண்டிய பம்மரோலாவுக்கும் இடம் இல்லாமல் போய்விட்டது.

[இரவு 9:18] முரளி: டூப்ளிகேட்டர் லைட்னிங் ரிங்கின் ஜோடி என்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். மிக நல்ல திட்டம் தம்பி.

[இரவு 9:26] செல்வி: இடப் பிரச்சினைக்கு மேட் ஃபாரஸ்டிலேயே தீர்வு இருக்கிறது. ஹாலோ ஹார்ட்டும் பம்மரோலாவும் அந்தக் காட்டில் தொலைவில் தரையிலேயே கிடக்கின்றன. ஆறு இடங்களும் நிரம்பிய பிறகும் தரையில் கிடப்பதை எடுக்கலாம், அது ஏழாவதாகவும் எட்டாவதாகவும் சேர்ந்துகொள்ளும். அதற்கு முன்பே எடுத்துவிட்டால் ஆறில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பினாச்சும் அதே காட்டில் கிடக்கிறது, ஆகவே உன் பட்டியலிலிருந்து அதை நீக்கி அந்த இடத்தில் ஆர்மரை வை. ஆறும் நிரம்பியவுடன் ஸ்பினாச், ஹாலோ ஹார்ட், பம்மரோலா மூன்றையும் தேடிக்கொண்டு நட; பத்தாவது நிமிடத்துக்கு முன் ஹாலோ ஹார்ட் கையில் இருந்தால் முதல் பெரிய பெட்டியிலேயே சாட்டை பிளடி டியராக மாறிவிடும்.