சரிவு நிலத்தில் பொலிகாளைக்கு வேலி: எது தாங்கும்?

தேயிலைச்சரிவு கேட்டது:

வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர். பாதி தேயிலை, மீதி படிப்படியாக வெட்டின காய்கறி நிலம். ஐந்து ஜெர்சி கலப்புப் பசு, 14 மாதத்தில் ஒரு காளைக்கன்று. சினை ஊசி போடுபவர் மலையேறி வருவதற்குள் பருவம் தப்பிவிடுவதால் இதையே பொலிகாளையாக வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். இப்போது இருப்பது மூங்கில் படலும் நாலு இழை முள்கம்பியும். படலை முட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. நிலத்துக்குக் கீழேயே பள்ளிப் பிள்ளைகள் நடக்கிற பாதை. ராத்திரியில் காட்டெருமையும் வருகிறது. எவ்வளவு உயரம், என்ன குழாய், சோலார் மின்வேலி மட்டும் போட்டால் போதுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்தூண்:

மின்வேலி மட்டும் போதாது. கீழே பிள்ளைகள் நடக்கிற பாதை என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். முதலில் முட்டினால் அசையாத பட்டி, மின்கம்பி அதற்குத் துணை.

அளவு: கூரைக்குள் 12 சதுர மீட்டர், திறந்த இடம் 24 சதுர மீட்டர். அடிக்கணக்கில் 10க்கு 13 ஒரு அறை, அதை ஒட்டி 13க்கு 20 முற்றம். இரண்டுக்கும் நடுவில் வெளியில் நின்றே கயிற்றால் இழுத்து மூடுகிற தள்ளுகதவு. காளையைத் தீனி காட்டி ஒரு பக்கம் வரவைத்து, கதவை மூடிவிட்டு மறுபக்கம் சாணி அள்ள வேண்டும். அவிழ்ந்து நிற்கிற காளையோடு ஆள் ஒரே இடத்தில் நிற்கவே கூடாது. தீனித்தொட்டி, தண்ணீர்த்தொட்டி இரண்டும் வெளியிலிருந்தே நிரப்புகிற மாதிரி வேலியோரம் இருக்கட்டும்.

தூண் 3 அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், குறுக்குக்குழாய் 2 அங்குலம், மீடியம் ரகம். தூணுக்குத் தூண் 8 அடிக்கு மேல் விடாதீர்கள். குறுக்குக்குழாய் ஐந்து: தரையிலிருந்து 18, 28, 39, 51, 64 அங்குலத்தில். அடியில் 18 அங்குலம் விடுவது, விழுந்த ஆள் உருண்டு வெளியே வருவதற்காக. குறுக்குக்குழாயைத் தூணுக்கு உள்பக்கம், அதாவது காளை நிற்கிற பக்கம் வைத்துப் பற்றவையுங்கள். வெளிப்பக்கம் வைத்தால் முட்டுகிற பலம் முழுக்க வெல்டிங்கின் மேல் விழும். உள்பக்கம் என்றால் தூண் தாங்கிக்கொள்ளும்.

மலையில் வேலி சாய்வதற்கு முக்கால்வாசிக் காரணம் மண்தான். படி வெட்டும்போது மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்விளிம்பில் கொட்டித்தான் சமன் செய்திருப்பார்கள். அந்தக் கொட்டின மண்ணில் இரண்டரை அடிக் குழி எடுத்து நட்டால் ஐப்பசி மழைக்குத் தூண் வெளிப்பக்கம் சாயும். கெட்டி மண் தட்டுகிறவரை, மூன்றரை நாலு அடியானாலும் தோண்டுங்கள். கல்கட்டின் விளிம்பிலிருந்து மூன்றடியாவது உள்ளே தள்ளி நடுங்கள். 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட், மேல்முகத்தை நாலாபக்கமும் சரித்துப் பூசினால் தண்ணீர் தேங்காது. மூத்திரம் படுகிற இடத்தில் குழாய் தரைமட்டத்தில்தான் முதலில் அரிக்கும், அங்கே ஒரு அடி உயரத்துக்குத் தார் பூசுங்கள். மேல்பக்கம் ஒரு வாய்க்கால் எடுத்து மழைத்தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். தரை சேறானால் காளை வழுக்கும், தூணும் ஆடும்.

பள்ளத்துப் பக்க வேலியை மட்டும் இன்னும் ஒரு அடி உயர்த்துங்கள். மேட்டிலிருந்து இறங்கி வருகிற வேகத்தில் தாண்டுவது சுலபம்.

வாசலை மறந்துவிடாதீர்கள். காளை கதவை உடைப்பதைவிடத் தலையைக் கீழே கொடுத்துத் தூக்குவதுதான் அதிகம். இரண்டு கீல் கொக்கியும் மேல்நோக்கி இருந்தால் கதவு அப்படியே கழன்று வந்துவிடும். மேல் கொக்கியைக் கீழ்நோக்கித் திருப்பி மாட்டுங்கள். தாழ்ப்பாளை நக்கியே திறக்கும், அதனால் சங்கிலி இரண்டு, மேலே ஒன்று, முழங்கால் உயரத்தில் ஒன்று.

ஆள் தப்பி வெளியேற, எதிரெதிர் மூலைகளில் 14 அங்குலச் சந்து ஒன்றொன்று விடுங்கள். மழைக்கோட்டோடு ஆள் பக்கவாட்டில் நுழைய முடியும், காளையின் தோள் நுழையாது.

மின்வேலிக்காரர்:

கல்தூண் அண்ணன் சொன்ன பட்டிக்குள், குழாயிலிருந்து அரையடி உள்ளே தள்ளி இரண்டே முக்கால் அடி உயரத்தில் ஒரே ஒரு மின்கம்பி போதும். முட்டுகிற பழக்கம் நின்றுவிடும். முள்கம்பியில் மின்சாரம் ஏற்றக் கூடாது. சிக்கிக்கொண்ட மாடோ ஆளோ விலக முடியாது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பிக்குக் கொடுப்பது குற்றம், உயிரும் போகும். நொடிக்கு ஒருமுறை துடிப்பு அனுப்புகிற எனர்ஜைசர் மட்டும்தான். காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் தமிழ்நாடு அரசின் 2023 விதிகளின்படி மின்வேலிக்கு வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

எர்த் கம்பி ஆறடியில் மூன்று, பத்தடி இடைவெளியில், ஈரம் நிற்கிற இடமாகப் பார்த்து அடியுங்கள். பனிக்காலத்தில் மண் காய்ந்தால் ஷாக் குறையும், அங்கே தண்ணீர் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் எதிர்மாறு: கிக்குயு புல் ஒரே வாரத்தில் கம்பியைத் தொட்டுவிடும், மின்சாரம் எல்லாம் புல் வழியாக மண்ணுக்குப் போகும். மீட்டரில் கம்பியின் கடைசி முனையில் 4,000 வோல்ட் காட்ட வேண்டும். 3,000க்குக் கீழே போனால் காளை மதிக்காது.

பேட்டரியில் இங்கே எல்லோரும் ஏமாறுகிறார்கள். எனர்ஜைசர் 0.3 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணி. மூடுபனி ஐந்து நாள் விலகாவிட்டால் 36. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது. ஆக 75க்குக் குறைந்த பேட்டரி இங்கே சரிவராது.

காட்டெருமையை இதை வைத்துத் தடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆறடியையும் தாண்டக்கூடியது அது. உப்புக்கட்டி, தீவனத் தொட்டி இரண்டையும் கூரைக்குள் வையுங்கள், வருவது குறையும்.

மாட்டாஸ்பத்திரி:

வேலி இருக்கட்டும், இரண்டு விஷயம். அந்தக் கன்று உங்கள் பசு ஈன்றது என்றால் தாயோடும் கூடப்பிறந்த கிடேரிகளோடும் சேர்க்கக் கூடாது. சேர்ப்பதற்கு முன் புருசெல்லா (கன்று வீசவைக்கும் தொற்றுநோய்) ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஐந்து பசுவுக்காக ஒரு பொலிகாளைக்கு வருடம் முழுக்கத் தீனி போடுவது கட்டுப்படியாகுமா என்றும் கணக்குப் பாருங்கள். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி போட்டாலே போதும். அறிகுறியை விடியலிலும் இருட்டும் நேரத்திலும் நின்று கவனித்தால் ஊசிக்காரருக்குச் சொல்ல நேரம் கிடைக்கும்.

ஜெர்சிக் காளை உருவத்தில் சின்னது, குணத்தில் மிக ஆபத்தானது. ஒன்றரை வயதுக்கு மேல் நேற்றுவரை சாது என்பதை நம்பாதீர்கள். நெற்றியைத் தேய்த்துக் கொஞ்சிப் பழக்கினது என்றால் இன்றே நிறுத்துங்கள், முட்டுவதை விளையாட்டாகக் கற்றுக்கொள்ளும். உடம்பைப் பக்கவாட்டில் காட்டி, கழுத்தை வளைத்து, தலையைத் தாழ்த்தினால் எச்சரிக்கை. முதுகைக் காட்டி ஓடாமல், அதன் மேல் கண் வைத்தபடி பக்கவாட்டில் அந்த மூலைச் சந்துப் பக்கம் நகருங்கள்.

தேயிலைச்சரிவு:

எல்லோருக்கும் நன்றி. குழாய் வேலை முடிய ஒரு மாதமாவது ஆகும். அதுவரை மூக்கணாங்கயிற்றில் முளைக்குச்சியில் கட்டிவைக்கலாமா?

கல்தூண்:

மூக்கணாங்கயிறு நடத்திக் கூட்டிப்போகத்தான், கட்டிவைக்க அல்ல. சரிவில் கால் வழுக்கினால் மூக்கு கிழிந்துவிடும். அதோடு ஈர மண்ணில் முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டு வரும். தொழுவத்துக்குள் கல்தூணில், கழுத்துப்பட்டையும் முறுக்கிக்கொள்ளாத சுழல்வளையமும் போட்டு, 10 மில்லிமீட்டர் சங்கிலியில் கட்டுங்கள். படுத்து எழுகிற நீளம் போதும். படி விளிம்புக்கு எட்டுகிற மாதிரி விட்டால் கீழே சரிந்து கழுத்து இறுகிச் செத்துவிடும். மூங்கில் படலுக்கு வெளியே பாதைப் பக்கம் மட்டும் இப்போதே நாலு கல்கால் நட்டு, குறுக்கே சீகை (வாட்டில்) மரக் கழி கட்டிவிடுங்கள்.