பெர்லின் ஃபோல்க்ஸ்ப்யூனே: வாசலோடு திரும்பலாமா, உள்ளே உட்கார வேண்டுமா?

வைகைக்கரை:
அடுத்த மாதம் அலுவலக வேலையாகப் பெர்லின் போகிறேன். ஒரே ஒரு மாலைதான் ஓய்வு. தொழிலாளர்கள் காசு சேர்த்துக் கட்டிய நாடக அரங்கம் என்று ஃபோல்க்ஸ்ப்யூனே பற்றிக் கேள்விப்பட்டேன். ஜெர்மன் சுத்தமாகத் தெரியாது. டிக்கெட் எடுக்கலாமா, கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு வரலாமா?

மணல்வீடு:
கட்டடம் போதும். யூ2 ரயிலில் ரோசா லுக்சம்பர்க் பிளாட்ஸில் இறங்கினால் பக்கத்திலேயே இருக்கிறது. அதுவும் 1914இல் கட்டடக் கலைஞர் ஓஸ்கர் கௌஃப்மன் கட்டிக்கொடுத்தபடியே இல்லை. போரில் சிதைந்து, 1954இல்தான் மறுபடி திறந்தார்கள். மஹோகனிப் பலகை பதித்த பழைய கூடம் போயே போய்விட்டது. மொழி புரியாமல் இருட்டில் மணிக்கணக்காக உட்கார்வதைவிட, அங்கிருந்து ஸ்ப்ரே ஆற்றங்கரைக்கு நடந்து போங்கள். மியூசியம் தீவு தூரமில்லை.

திரைச்சீலை:
இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த அரங்கம் எதற்காக வந்தது என்று பாருங்கள். 1890இல் உழைக்கும் மக்களுக்காக ஒரு நாடகச் சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினர்களுக்கு மட்டும் என்று நடத்தினால் போலீஸ் தணிக்கையைத் தாண்டிவிடலாம். முதலில் போட்டதே நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகம். எல்லோருக்கும் ஒரே சந்தா. எந்த இருக்கை என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். உள்ளே போகும்போது கையைவிட்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும், அதில் வரும் எண்தான் உங்கள் இடம். காசு உள்ளவருக்கு முன்வரிசை, இல்லாதவருக்கு மாடி மூலை என்ற வழக்கத்தையே அதில் உடைத்துப் போட்டார்கள். அப்படிச் சேர்ந்தவர்களின் காசில் எழுந்த அரங்கம் அது. முகப்பில் ‘கலை மக்களுக்கே’ என்று எழுதியும் வைத்தார்கள். அங்கே போய் வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதா?

மணல்வீடு:
வரலாறு பெரியதுதான், மறுக்கவில்லை. இன்றைக்கு என்ன மிச்சம்? அந்தச் சங்கத்தை நாஜி ஆட்சி கலைத்துவிட்டது. இப்போது அது பெர்லின் அரசின் அரங்கம், வரிப்பணத்தில் ஓடுகிறது. ஆரம்பத்தில் கிட்டத்தட்ட 2000 பேர் உட்காரலாம், இப்போது பெரிய அரங்கில் சுமார் 800. ஃப்ராங்க் காஸ்டோர்ஃப் 1992 முதல் 2017 வரை அங்கே இயக்குநர். அவருடைய நாடகங்கள் சில ஐந்து, ஆறு மணி நேரம்கூட ஓடும். விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகிறவர் அதை எப்படிப் பார்ப்பார்? பெயரில் மட்டும் மக்கள் இருந்தால் போதுமா?

திரைச்சீலை:
இந்தக் கேள்வி அந்த அரங்கத்துக்குள்ளேயே நூறு வருஷமாக ஓடுகிறது. 1927இல் நாடக இயக்குநர் எர்வின் பிஸ்காட்டர் அங்கே நாடகத்தின் நடுவே மேடையில் படச்சுருள் ஓட்டினார். அரசியல் அதிகம் என்று சங்க நிர்வாகம் அதை வெட்டியது. பெரிய சண்டையாகி அவர் வெளியேறினார். 2017இல் காஸ்டோர்ஃபுக்குப் பிறகு கிறிஸ் டெர்கான் இயக்குநராக வந்தபோது அதை எதிர்த்து ஒரு கூட்டம் உள்ளே புகுந்து அரங்கத்தையே பிடித்துக்கொண்டது. சில நாள் கழித்துப் போலீஸ் வந்து வெளியேற்றியது. அடுத்த ஏப்ரலில் டெர்கானும் போய்விட்டார். ஊர்க்காரர்கள் தங்களுடையது என்று நினைக்காத இடத்துக்கு இவ்வளவு மல்லுக்கட்டுவார்களா, சொல்லுங்கள். வரிப்பணம் குறையாகத் தெரிகிறதா உங்களுக்கு? அது இல்லாவிட்டால் டிக்கெட் விலை எங்கேயோ போயிருக்கும்.

கடற்காகம்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். சில நாடகங்களுக்கு ஆங்கில மேலெழுத்து உண்டு, அதாவது வசனத்தின் மொழிபெயர்ப்பு எழுத்தில் ஓடும். எந்த நாள் என்று அவர்கள் நிகழ்ச்சி நிரலிலேயே போட்டிருப்பார்கள். மேலெழுத்து மேடைக்கு மேலே ஓடும். ஆகவே முதல் வரிசை வேண்டாம், கழுத்து பிடித்துக்கொள்ளும். நடுவரிசைக்குப் பின்னால் எடுங்கள். அப்புறம், வெளியே புல்வெளியில் அரங்கத்தின் சின்னமாக இரண்டு காலோடு ஓர் இரும்புச் சக்கரம் நிற்கும், அதைத் தவறவிடாதீர்கள். காஸ்டோர்ஃப் போனபோது அதையும் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். 2018இல் திரும்ப வந்தது.

வைகைக்கரை:
மேலெழுத்து இருக்கும் என்று தெரியாது. இப்போதுதான் நிரலைப் பார்த்தேன், நான் இருக்கும் புதன்கிழமைக்கே ஒன்று இருக்கிறது. டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

மணல்வீடு:
மேலெழுத்து இருக்கிறதென்றால் தாராளமாகப் போங்கள். என் கட்சி மட்டும் மாறவில்லை, திரைச்சீலை. விலைக்கேற்ற இருக்கை என்று வைத்துக்கொண்டு மக்கள் அரங்கம் என்று சொல்வதை ஏற்க மாட்டேன். மாதத்தில் ஒரு நாளாவது அந்தக் குலுக்கலைத் திரும்பக் கொண்டுவரட்டும், அப்போது பேசுவோம்.