ஐம்பதுகளின் அமெரிக்க மிட்டாய்: ருசியா, ஞாபகமா?

பாஸ்டன்வாசி:
பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது வயது. நேற்று நெக்கோ வேஃபர் சுருள் ஒன்றைப் பிரித்து என் கையில் கொட்டினார். நாணயம் போல வட்டமாக, மாவு பூசினாற்போல எட்டு நிறத்தில் வில்லைகள். சின்ன வயதில் கறுப்பு வில்லையைத் தங்கை தலையில் கட்டிவிடுவாராம், அது அதிமதுர ருசி. கத்தோலிக்கப் பிள்ளைகள் தேவாலயத்தில் அப்பம் வாங்குவது போல இதை நாக்கில் வைத்து நற்கருணை விளையாட்டு விளையாடுவார்களாம். அந்தக் காலத்துப் பண்டங்கள் எவ்வளவோ மேல். பெரிய கம்பெனிகள்தான் அழித்துவிட்டன.

சோடாப்புட்டி:
அழித்தது, வாங்காமல் விட்டவர்கள் சார். நெக்கோ தொழிற்சாலை மூடப்படலாம் என்று 2018-இல் செய்தி வந்த பிறகுதான் ஆளாளுக்கு ஓடிப்போய் வாங்கினார்கள். இருக்கிற வேஃபர் எல்லாம் கொடுங்கள், என் பழைய ஹோண்டா காரைத் தருகிறேன் என்றுகூட ஒருவர் கேட்டார். அதுவரை எங்கே போயிருந்தார்களாம்?

பாஸ்டன்வாசி:
அதே கம்பெனி 2009-இல் இயற்கைச் சாயத்துக்கு மாறியது. வாடிக்கையாளர்கள் கொதித்துவிட்டார்கள், விற்பனை விழுந்தது. 2011-இல் பழைய செய்முறைக்கே திரும்பினார்கள். ருசி இல்லாமலா இவ்வளவு கோபம்?

சோடாப்புட்டி:
அப்படியானால் மக்கள் தேடியது செயற்கைச் சாயத்தை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். 1950 ஹாலோவீனில் ஆரஞ்சு நிற மிட்டாய் தின்ற பிள்ளைகளுக்கு வயிறு கெட்டது. அந்த ‘ஆரஞ்சு 1’ சாயத்தைப் பிறகு தடைசெய்தார்கள். பொற்காலமாம்!

லேப்காரி:
ரெண்டு பேரும் ஃபிஸீஸை மறந்துவிட்டீர்களே. ஐம்பதுகளின் கடைசியில் வந்த மாத்திரை அது. தண்ணீரில் போட்டால் ‘புஸ்ஸ்’ என்று நுரைத்துத் திராட்சை சோடாவாகிவிடும். செய்தது தலைவலிக்கான புரோமோ செல்ட்ஸர் கம்பெனி, அதே நுரைக்கும் வித்தை. சர்க்கரை சேர்த்தால் மாத்திரை பெரிதாகிவிடும் அல்லவா, அதனால் செயற்கை இனிப்பு. அதில் இருந்த சைக்லமேட் என்ற அந்த இனிப்பை அமெரிக்க அரசு 1969-இல் தடைசெய்தது, ஃபிஸீஸும் அலமாரியை விட்டுப் போனது. எலிகளுக்குப் புற்றுநோய் வந்தது என்பதுதான் காரணம், ஆனால் எலிகளுக்குக் கொடுத்த அளவு கொஞ்ச நஞ்சமல்ல. ஆக, இதை வாங்காமல் கொன்றார்கள் என்று சொல்ல முடியாது, சோடாப்புட்டி அண்ணா. பிள்ளைகளில் பாதிப் பேர் தண்ணீரே இல்லாமல் மாத்திரையை நாக்கில் வைத்து, வாயில் நுரை தள்ளிக் காட்டுவார்கள். ருசியை யார் பார்த்தார்கள்!

பாஸ்டன்வாசி:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். போனோமோ டர்க்கிஷ் டாஃபி இருந்ததே, பேர்தான் துருக்கி, நியூயார்க்கின் கோனி ஐலண்ட் குடும்பத்துச் சரக்கு. உறையோடு மேஜையில் ஓங்கி அடித்து உடைத்துத் தின்ன வேண்டும். இன்றைக்கு எந்த மிட்டாயை அடிக்க முடிகிறது?

சோடாப்புட்டி:
சரி, இப்போது விஷயம் விளையாட்டுக்கு வந்துவிட்டது, ருசியைக் காணோம். இன்னொன்று. நெக்கோ வேஃபரை ஸ்பாங்லர் கம்பெனி வாங்கி 2020-இல் மறுபடி கொண்டுவந்துவிட்டது. கடையில் கிடைக்கிறது. நீங்கள் எத்தனை சுருள் வாங்கினீர்கள்?

பாஸ்டன்வாசி:
வாங்கவில்லை. பெரியவர் கொடுத்ததில் ஊதா வில்லை ஒன்றைத் தின்றேன். கிராம்பு. பல்வலிக்குத் தைலம் தடவிக்கொண்ட மாதிரி இருந்தது. மிச்சத்தை அவர் பார்க்காதபோது சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.