வேரை மாற்றினால் பூட்ஸ்ட்ராப் எண்கள் இடம் மாறுகின்றன – உதவி தேவை

மரநிரல்:
வணக்கம். எங்கள் ஆய்வகத்துக்காகப் பரிணாம மரங்களை வரைந்து காட்டும் சிறு மென்பொருள் ஒன்றைப் பைத்தானில் எழுதி வருகிறேன். நியூவிக் (மரத்தை அடைப்புக்குறிகளால் எழுதும் வடிவம்) கோப்பைப் படிப்பதும் வரைவதும் சரியாக ஓடுகின்றன. வேரை மாற்றும்போதுதான் சிக்கல். சோதனைக்காக நானே பூட்ஸ்ட்ராப் எண் (ஒரு பிரிவைத் தரவு எவ்வளவு உறுதியாக ஆதரிக்கிறது என்று காட்டும் எண்) போட்டு எழுதிய மரம் இது:

(மனிதன்,சிம்பன்சி,(கொரில்லா,(ஒராங்குட்டான்,கிப்பன்)90)70);

கிப்பனை வெளிக்குழுவாக (மற்றவற்றிலிருந்து முதலில் பிரியும் இனமாக) வைத்து வேரை மாற்றினால், மனிதன்–சிம்பன்சி கணுவில் (கிளைகள் சேரும் புள்ளியில்) எண்ணே இல்லை. கொரில்லா சேரும் கணுவில் 70, ஒராங்குட்டான் சேரும் கணுவில் 90 வருகிறது. மரத்தின் வடிவம் சரி. நீளங்கள் போட்டுப் பார்த்தேன், அவையும் சரி. எங்கே பார்ப்பது?

கணு_கிளை:
வரையும் பகுதியில் தேடாதீர்கள், கோளாறு அங்கே இல்லை. 70 என்பது கணுவின் பண்பே அல்ல. மனிதனும் சிம்பன்சியும் ஒரு பக்கம், மற்ற மூன்றும் மறுபக்கம் என்று பிரிக்கும் கிளையின் பண்பு அது. நியூவிக்கில் கோலனுக்குப் பின் கிளை நீளம் எழுத இடமுண்டு. பூட்ஸ்ட்ராப் போன்ற ஆதரவு மதிப்புக்கென்று இடமில்லை. அதனால் கணுவின் பெயர் (லேபிள்) வர வேண்டிய இடத்தில் அதை எழுதிவிடுகிறார்கள்.

பழைய வேருக்கும் புதிய வேருக்கும் நடுவே உள்ள பாதையில் தாய்க்கணுவும் சேய்க்கணுவும் தலைகீழாகின்றன. நீளம் கிளையோடு போய்விடுகிறது, லேபிள் கணுவிலேயே தங்கிவிடுகிறது. நீளத்தை மாற்றும் அதே இடத்தில் லேபிளையும் மாற்றுங்கள். மனிதன்–சிம்பன்சிக்கு 70, கொரில்லா சேரும் கணுவுக்கு 90 வர வேண்டும். கிப்பன் நீங்கலாக நான்கும் சேரும் கணுவுக்கு எண் கூடாது. ஏனெனில் ஓர் இனத்தை மட்டும் தனியே பிரிக்கும் கிளை எந்த மரத்திலும் இருக்கும், அதற்கு ஆதரவு எண் போடுவதில் பொருளில்லை.

வேர்த்தடம்:
அப்புறம் ஒன்று. எல்லா லேபிளையும் கண்ணை மூடிக்கொண்டு நகர்த்தாதீர்கள். சிலர் அதே இடத்தில் ‘பாலூட்டிகள்’ என்று பெயர் எழுதியிருப்பார்கள். அது கணுவுக்கே உரியது. லேபிள் கணுவுக்கு உரியதா கிளைக்கு உரியதா என்று கோப்பைத் திறக்கும்போதே பயனரிடம் கேட்டுவிடுங்கள். 2017இல் செக், வெர்ட்டா-செபாஸ், ஸ்டமாடாகிஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதே சிக்கலை 20 கருவிகளில் சோதித்தார்கள். அப்போது 14 கருவிகளில் பயனருக்கு அந்தத் தேர்வே இருக்கவில்லை. வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் படங்களிலேயே எண்கள் தவறான கிளையில் இருந்ததையும் காட்டினார்கள். ஆர் மொழியின் ஏப் தொகுப்பில் ‘எட்ஜ்லேபிள்’ என்ற தேர்வு இதற்காகவே உண்டு. ஆனால் நாம் சொல்லாவிட்டால் அது அணைந்தேதான் இருக்கும். இவ்வளவு முக்கியமானதை அப்படி விடக்கூடாது என்பது என் கருத்து.

மரநிரல்:
மிக்க நன்றி, 70ம் 90ம் சரியாக வந்துவிட்டன. வேர் இரண்டாகப் பிரியும் கோப்புகளில் மட்டும் பழைய வேர்க்கணு ஒற்றைச் சேயோடு நிற்கிறது. என்ன செய்வது?

கணு_கிளை:
அதை எடுத்துவிட்டு இரு கிளைகளையும் ஒன்றாக்குங்கள். நீளங்களைக் கூட்டுங்கள், ஆதரவு மதிப்பைக் கூட்டாதீர்கள். வேரற்ற மரத்தில் இரண்டும் ஒரே கிளைதான். ஒரு பக்கம் மட்டும் எண் இருந்தால் அதையே எடுங்கள். இரண்டும் வேறுபட்டால் எச்சரிக்கை காட்டுங்கள். வேரை மாற்றுமுன்னும் பின்னும் ஒவ்வொரு கிளையும் இனங்களை எப்படிப் பிரிக்கிறது, அதன் எண் என்ன என்று பட்டியலெடுத்து ஒப்பிடும் சோதனை ஒன்றையும் நிரலோடு சேர்த்துவிடுங்கள்.