நெல்லுச் சிட்டையில் ஒரு சதம் குறைகிறது, ரவுண்ட் பிழையா?

சம்மாந்துறைப் பொடியன்:
நெல் வாங்கும் கடையொன்றுக்குச் சிட்டை அடிக்கும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன், டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல்தான். பெரும்போக வெட்டு தொடங்கின கையோடு கரைச்சலும் தொடங்கிவிட்டது. 63.35 கிலோ, கிலோ 117.50 ரூபா. கையால் பெருக்கினால் 7443.625, அப்போ 7443.63 வரவேணும், சிட்டையில் 7443.62. ஒரு போடியார் (வயல்காரர்) போனில் கல்குலேட்டரைத் தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். ஒரு சதக் குற்றியைக் கண்ணால் கண்டே எத்தனையோ வருடம், ஆனாலும் பிழை பிழைதானே. எல்லா வரியிலும் இல்லை, சிலதில் மட்டும்தான். 0.0001 கூட்டிவிட்டு ரவுண்ட் பண்ணவா?

வாவிக்கரை:
கூட்டாதே தம்பி. நிறையை ஃபுளோட்டில், அதாவது எண்ணை இரண்டின் கணக்கில் கிட்டத்தட்டவாக வைக்கிற வகையில், வைத்திருக்கிறாய் போல. செலக்ட் கட்டளையில் நிறை + 0 என்று போட்டுப் பார், 63.349998 என்று தொடங்கும். பத்தின் கணக்கில் மூன்றில் ஒன்று முடியாமல் ஓடுகிற மாதிரி, இரண்டின் கணக்கில் 0.35 முடியாது, ஃபுளோட் பாதியில் வெட்டிவிடும். அதை 117.50 ஆல் பெருக்கினால் 7443.6248 சொச்சம், ரவுண்ட் சரியாகத்தான் கீழே இறக்கியிருக்கிறது. நீ சொன்ன 0.0001 ஐக் கூட்டினாலும் 7443.625 ஐத் தொடாது, வேறு வரிகளில் புதுப் பிழைதான் வரும். பேக்கப் எடுத்துவிட்டு நிறை, விலை இரண்டையும் தசமத்தை அப்படியே வைக்கிற டெசிமல்(10,2) ஆக மாற்று. முதலில் டேட்டாபேஸின் கொப்பியொன்றில் செய்து பார், வெட்டு நேரத்தில் ஓடுகிற டேட்டாபேஸில் கை வைக்காதே.

சம்மாந்துறைப் பொடியன்:
மாற்றினேன், 7443.63 வந்துவிட்டது! ஆனால் நாள் முடிவு ரிப்போர்ட்டும் சிட்டைகளின் கூட்டுத்தொகையும் இன்னும் சில சதம் இடிக்குது.

கல்முனையான்:
அது வேறு விசயம். ரிப்போர்ட்டில் சம் எடுத்த பிறகு ரவுண்ட் பண்ணுகிறாய், சிட்டையிலோ வரிக்கு வரி. அதே மாதிரி மூன்று சிட்டை என்றால் தனித்தனியே 22330.89, மொத்தமாய் ரவுண்ட் பண்ணினால் 22330.88. காசு கைமாறுவது சிட்டைப்படி, அதனால் ஒவ்வொரு வரியையும் ரவுண்ட் பண்ணிவிட்டு சம் எடு. அதைவிட, சிட்டை அடிக்கும்போதே தொகையைத் தனிக் கொலத்தில் (நிரலில்) எழுதி வை, நாளைக்கு விலை மாறினாலும் பழைய சிட்டை அசையாது. போஸ்ட்கிரெஸ் என்கிற வேறு டேட்டாபேஸுக்குப் போனால் இன்னொன்றையும் பார்த்துக்கொள்: அங்கே நியூமெரிக்கில் (டெசிமல் மாதிரி) 2.5 ரவுண்ட் பண்ணினால் 3, டபுளில் (ஃபுளோட் மாதிரி) பெரும்பாலும் 2 தான் வரும். நான் ஒரு இரவு முழுக்க அதில் கிடந்தேன்.

சம்மாந்துறைப் பொடியன்:
சரி காக்கா, தொகையைத் தனிக் கொலமாக்கிவிட்டேன். போடியார் காலையில் வருவார், அந்தச் சிட்டையைத் திருத்தி அடித்து வைத்திருக்கிறேன்.