நெட்வொர்க் கார்டை கெஸ்டுக்குக் (விர்ச்சுவல் மெஷினுக்குக்) கொடுத்தால் "மெமரி ஒதுக்க முடியவில்லை" என்கிறது, ரூட்டில் மட்டும் ஓடுகிறது

கேள்வி:
லினக்ஸ் ஹோஸ்ட், 32 ஜிபி ரேம். ஒரு பிசிஐ நெட்வொர்க் கார்டை விஎஃப்ஐஓ (சாதனத்தை கெஸ்டிடம் ஒப்படைக்கும் கர்னல் வசதி) வழியாக க்யூஇஎம்யூ (விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் மென்பொருள்) கெஸ்டுக்கு நேரடியாகக் கொடுக்கப் பார்க்கிறேன். பயாஸில் விடி-டி ஆன், கர்னல் கமாண்ட் லைனில் இன்டெல் ஐஓஎம்எம்யூவும் (சாதனங்கள் மெமரியைத் தொடுவதைக் கட்டுப்படுத்தும் ஹார்டுவேர்) ஆன், கார்டை விஎஃப்ஐஓ-பிசிஐ டிரைவர் எடுத்துக்கொண்டது. ஆனால் 8 ஜிபி கெஸ்டை சாதாரண யூசராக ஓட்டினால் டிஎம்ஏ (சிபியு இல்லாமல் கார்டே மெமரியில் படித்து எழுதுவது) மேப் செய்யும் இடத்திலேயே மெமரி இல்லை என்று நின்றுவிடுகிறது. 20 ஜிபிக்கு மேல் காலியாக இருக்கிறது! கார்டு இல்லாமல் அதே கெஸ்ட் ஓடுகிறது, சுடோ போட்டால் கார்டோடும் ஓடுகிறது. ரூட்டிலேயே விட்டுவிடலாமா?

பதில் 1:
வேண்டாம் நண்பரே. ரேம் போதாமல் வரும் பிழை இல்லை இது, மெம்லாக் வரம்பு, அதாவது ஸ்வாப்புக்குப் போகாமல் ரேமில் எவ்வளவு பூட்டி வைக்கலாம் என்ற வரம்பு. கார்டு கெஸ்டின் எந்த மெமரிப் பக்கத்தில் எப்போது எழுதும் என்று கர்னலுக்கு முன்கூட்டித் தெரியாது, எழுதும் நேரத்தில் அந்தப் பக்கம் ஸ்வாப்புக்குப் போயிருந்தால் சிபியுவைப் போல பேஜ் ஃபால்ட் எழுப்பிக் காத்திருக்க சாதாரண கார்டுகளால் முடியாது, அதனால் விஎஃப்ஐஓ தொடக்கத்திலேயே 8 ஜிபியையும் ரேமில் பூட்டி ஐஓஎம்எம்யூவில் மேப் செய்துவிடுகிறது. அப்படிப் பூட்டுவது மெம்லாக் கணக்கில் ஏறும். யூலிமிட் மைனஸ் எல் அடித்துப் பாருங்கள், புதிய கர்னல்களில் இயல்பாக 8 எம்பிதான். ரூட்டுக்கு அந்த வரம்பு பொருந்தாது, அதனால்தான் சுடோவில் ஓடுகிறது.

லிமிட்ஸ் டாட் கான்ஃபில் மெம்லாக்கை கெஸ்ட் ரேமுக்கு மேல் ஒரு ஜிபி கூடுதலாக வையுங்கள், வெளியேறி மறுபடி லாகின் செய்யுங்கள். சிஸ்டம்டி சர்வீஸாக ஓட்டினால் அந்தக் கோப்பை அது பார்க்காது, யூனிட் கோப்பில் லிமிட்மெம்லாக் போட வேண்டும். லிப்விர்ட் (விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் மென்பொருள்) வழியாக என்றால் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

கேட்டவர்:
9 ஜிபி வைத்தேன், சாதாரண யூசராகவே ஓடுகிறது, மிக்க நன்றி! அப்புறம் இன்னொன்று. இரண்டாவது கார்டையும் கொடுக்கலாம் என்று பார்த்தால் அது ஹோஸ்டின் சாட்டா கன்ட்ரோலரோடு ஒரே ஐஓஎம்எம்யூ குரூப்பில் இருக்கிறது, குரூப் சரியில்லை என்று மறுக்கிறது. ஏசிஎஸ் ஓவர்ரைடு பேட்ச் (குரூப்பைப் பிரித்துக் காட்டும் கர்னல் மாற்றம்) போட்டால் பிரிந்துவிடும் என்கிறார்கள்.

பதில் 2:
அந்த பேட்ச் மெயின்லைன் (அதிகாரபூர்வ) கர்னலில் சேர்க்கப்படாததற்குக் காரணம் இருக்கிறது. ஒரே குரூப் என்றால் அந்தச் சாதனங்கள் ஐஓஎம்எம்யூவைத் தொடாமலே தங்களுக்குள் டிஎம்ஏ செய்துகொள்ள வாய்ப்புண்டு, அப்படி நடக்காது என்று ஹார்டுவேர் உறுதி தரவில்லை என்று பொருள். பேட்ச் அந்த உறுதியைக் கொண்டுவருவதில்லை, இருப்பதாகக் கர்னலை நம்ப வைக்கிறது, அவ்வளவுதான். உங்கள் விஷயத்தில் மறுமுனையில் இருப்பது ஹோஸ்டின் டிஸ்க்! முதலில் கார்டை வேறு ஸ்லாட்டில் மாற்றிப் பாருங்கள், சிபியுவோடு நேரடியாக இணைந்த ஸ்லாட்டில் பல போர்டுகளில் தனி குரூப் கிடைக்கும். சிஸ் கர்னல் ஐஓஎம்எம்யூ குரூப்ஸ் டைரக்டரியில் எது எதோடு இருக்கிறது என்று தெரியும்.

பதில் 1:
ஆமாம், ஸ்லாட்டை மாற்றுவதுதான் சரி. இரண்டாவது கார்டு அதே கெஸ்டுக்கே என்றால் வரம்பைக் கூட்ட வேண்டியதில்லை, அதே 8 ஜிபிதான் பூட்டப்படும். ஆனால் கெஸ்டுக்குள் விர்ச்சுவல் ஐஓஎம்எம்யூ வைத்திருந்தால் ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு ஏறும், அப்போது இரட்டிப்பாக்குங்கள்.