துணை நிற்பதா, துணை போவதா? குடியை விட்ட கணவரும் வீட்டில் போட வேண்டிய கோடும்

வேப்பமரத்தடி (கேள்வி கேட்டவர்; கீழே வரும் மற்ற பெயர்கள் பதில் சொன்னவர்களுடையவை)

உள்நோயாளியாகச் சிகிச்சை முடித்து வீடு திரும்பி ஆறு வாரம் ஆன ஒருவர். டாக்டர் எழுதியிருப்பது டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை) 250 மி.கி., தினம் ஒன்று. வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டார். மனைவி என்ன செய்தால் அவருக்கு உதவி, என்ன செய்தால் மறுபடி குடிக்கே வசதி என்பதில்தான் குழப்பம்.

ஆபீசுக்குப் போன் போட்டு "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்லிப் பழகியாயிற்று, அதை இனி என்ன செய்வது? குடித்த காலத்தில் வாங்கிய கைமாற்று 40,000 ரூபாயை நகையை அடகு வைத்து அடைத்துவிடலாமா? ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்க வேண்டும்? "நீ ஏதாவது சொன்னால் மறுபடி குடிச்சிடுவான், வாயை மூடிக்கிட்டு இரு" என்கிறார் மாமியார். சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுக்க ஒரு பொடி இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஞாயிறு கூட்டம்

இதற்குத் தமிழிலேயே சொல் இருக்கிறது. ஒருவருக்குத் துணை நிற்பது வேறு, ஒரு தப்புக்குத் துணை போவது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வேலையாகத் தெரியும். குடியால் வந்த விளைவை மனைவி தன் தோளில் வாங்கிக்கொண்டால், அவருக்குக் குடி செலவில்லாததாகிவிடும். ஆனால் குடிக்காமல் இருப்பதற்கான வேலையில் மனைவி எவ்வளவு பங்கெடுத்தாலும் தவறில்லை.

லீவு: இனி அவரே பேசட்டும். டாக்டரைப் பார்க்கப் போகும் நாளுக்கு உண்மையான மருத்துவச் சான்றிதழ் கிடைக்கும், பொய்க்கு அவசியமே இல்லை. குடித்ததால் போக முடியவில்லை என்றால் ஆபீசுக்கு நீங்கள் போன் போடாதீர்கள். அங்கிருந்து கூப்பிட்டால், "எனக்கு எதுவும் தெரியாது" என்று இன்னொரு பொய்யும் வேண்டாம். "அவரிடமே பேசுங்கள்" போதும்.

மாமியார் பேச்சு பெரும்பாலான வீடுகளில் கேட்பதுதான். அல்-அனான் குடும்பக் கூட்டங்களில் (1951-ல் குடிநோயாளிகளின் மனைவிமார் தொடங்கியது) முதலில் சொல்லித் தருவது: இந்த நோயை நான் உண்டாக்கவில்லை, என்னால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது. ஒரு சொல்லால் ஒருவர் குடிக்கப் போனார் என்றால், அந்தச் சொல் அவருக்குக் கிடைத்த சாக்கு. ஆனால் எதை எப்போது பேசுவது என்பதில் கவனம் தேவை. "அன்னைக்குத் தெருவில விழுந்து கிடந்தியே" என்று தினம் பழையதைக் கிளறினால் வீடே அவருக்கு முள்ளாகிவிடும்.

தினமும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். தம்பதிகளுக்கான சிகிச்சையில் இதை ஒப்பந்தமாகவே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். காலையில் காபிக்கு முன் அவர், "நேற்று குடிக்கவில்லை, இன்றும் குடிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்" என்கிறார். உங்கள் முன்னால் மாத்திரையைப் போடுகிறார். நீங்கள் நன்றி சொல்லிக் காலண்டரில் ஒரு கோடு போடுகிறீர்கள். அதோடு சரி. அன்று முழுக்கக் குடியைப் பற்றி இருவரும் பேச்செடுப்பதில்லை. வாயை முகர்ந்து பார்ப்பது, பாக்கெட்டைத் துழாவுவது, பைக் டிக்கியைக் குடைவது எல்லாம் இதற்குப் பிறகு தேவைப்படாது. அப்படித் துழாவிக் கண்டுபிடித்தாலும் ஒளிக்கும் இடம் மாறும், அவ்வளவுதான்.

மாலை நேரத்தை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். டாஸ்மாக் மூடுவது இரவு 10 மணிக்கு. வேலை விட்டு வரும் நேரத்திலிருந்து அதுவரைதான் குடிக்கச் சொல்லும் இழுப்பு அதிகம். காலி வயிற்றின் பசியும் குடி ஆசை போலவே தோன்றும். வந்தவுடன் சுண்டலோ இரண்டு தோசையோ வயிற்றுக்குள் போனால் பாதிப் போராட்டம் குறையும். ஒரு இழுப்பு பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் தணிந்துவிடும். அந்த அரை மணி நேரம் கூட நடந்துவிட்டு வருவதும், ஏ.ஏ. கூட்டத்துக்கு (குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுவது) அவர் போகும் நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும்தான் துணை நிற்பது.

மருந்துச்சீட்டு

முதலில் அந்தப் பொடி. வேண்டவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, டைசல்ஃபிராமே இருந்தாலும் இருக்கும். மது உடலில் அசிட்டால்டிஹைடாக மாறும். அதை மேற்கொண்டு சிதைக்கும் நொதியை இந்த மருந்து தடுத்துவிடுவதால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குவாட்டர் அடித்தால் உயிரே போகலாம். தெரிந்து, சம்மதித்துப் போட்டால்தான் அது சிகிச்சை. ஏற்கெனவே மாத்திரை போடுபவருக்கு மேலும் ஒரு பொடி என்றால் அளவும் எகிறும்.

உங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியவை:

கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல் மாத்திரை போடக் கூடாது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை வேலை செய்யும். "ரெண்டு நாளா மாத்திரை போடலை, இப்ப குடிக்கலாம்" என்ற கணக்கு ஆபத்தில்தான் முடியும். கல்லீரல் ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொன்ன தேதியில் எடுத்துவிடுங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கடும் நிறத்தில் போனாலோ மாத்திரையை நிறுத்தி, அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மறைந்திருக்கும் மதுதான் பலர் தவற விடுவது. அரிஷ்டங்களில் புளிப்பேறி உண்டாகும் ஆல்கஹால் இருக்கும். சில இருமல் சிரப், சில மவுத்வாஷ், ஹோமியோபதி டிங்சர் இவற்றிலும் உண்டு. லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையை டைசல்ஃபிராமோடு சேர்த்தால் மனக்குழப்பம், பிரமை வரலாம். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

கணக்குப்புத்தகம்

பண விஷயத்தை அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள். 40,000-க்கு நகை வைத்தால் கடன் அவர் கண்ணிலிருந்து மறையும், வட்டி உங்கள் தலையில் ஏறும். அதைவிட யார் யாருக்கு எவ்வளவு என்று அவர் கையால் ஒரு தாளில் எழுதட்டும். அவரே கடன் கொடுத்தவரிடம் போய், "மாசம் 4,000, பத்து மாசத்தில் முடிச்சிடறேன்" என்று பேசட்டும். சம்பளம் வரும் அன்றே அந்தத் தொகை தானாகப் போகும்படி வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுக்கலாம். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், மளிகைக்கான தொகையும் அப்படியே உங்கள் பெயரில் உள்ள தனிக் கணக்குக்குப் போகட்டும். நகை உங்கள் பெயரில் மட்டும் உள்ள லாக்கரில். புதிதாக எந்தக் கடனுக்கும் ஜாமீன் கையெழுத்து போடாதீர்கள்.

ஏடிஎம் கார்டைப் பொறுத்தவரை, முதல் மூன்று மாதம் அது மனைவியிடம் இருப்பது நல்லது என்பேன். கையில் ரொக்கமும் மாலை நேரமும் சேர்ந்தால் ஆபத்து. பெட்ரோலுக்கும் டீக்கும் கணக்குப் பார்த்து, ஒரு வாரத்துக்கான தொகையை மொத்தமாகக் கொடுத்தால் போதும்.

ஞாயிறு கூட்டம்

கணக்குப்புத்தகம் ஐயா சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். கார்டை அவரே எடுத்துக் கொடுத்தால்தான் பலன், அதற்கு முடிவுத் தேதியும் இருக்க வேண்டும். பிடுங்கி வைத்துக்கொண்டால் நீங்கள் காவல்காரர், அவர் கைதி. கைதி தப்பிக்கத்தான் வழி பார்ப்பார். இந்தக் காலத்தில் போனில் யுபிஐ இருக்கும்போது கார்டை மட்டும் வாங்கி வைப்பதால் ஒன்றும் ஆகாது, அதையும் சேர்த்துப் பேசி முடிவெடுங்கள்.

வேப்பமரத்தடி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் குடித்துவிட்டு வந்து நின்றால்? அந்த ராத்திரி என்ன செய்வது?

மருந்துச்சீட்டு

டைசல்ஃபிராம் போடுபவர் குடித்து, மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ மயக்கமோ இருந்தால் 108. மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். "அவரே அனுபவிக்கட்டும்" என்பது கடனுக்கும் லீவுக்கும்தான், உயிருக்கு இல்லை. அதேபோல் பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் வீட்டில் அடைத்துத் திடீரென நிறுத்தாதீர்கள். நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து கைநடுக்கம், வியர்வை. முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாததைப் பார்ப்பது, ஆளையே அடையாளம் தெரியாமல் போவது. இது ஆஸ்பத்திரியில் மருந்தோடும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடும் கடக்க வேண்டிய கட்டம்.

ஞாயிறு கூட்டம்

உடல் ஆபத்து இல்லையென்றால் அந்த ராத்திரி ஒன்றும் பேசாதீர்கள். வண்டிச் சாவியை எடுத்து வையுங்கள், பிள்ளைகளோடு வேறு அறையில் படுங்கள். வாந்தி எடுத்தால் மல்லாக்கப் படுக்க விடாமல் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள், சுத்தம் செய்வதைக் காலையில் அவரே செய்யட்டும். மறுநாள் தெளிந்ததும் மூன்று வாக்கியம்: "நேற்று குடிச்சிருந்தீங்க. எனக்கு பயமா இருந்துச்சு. இன்னைக்கு டாக்டரைப் பாக்கப் போறோமா, நீங்க போன் பண்றீங்களா?" போனை அவர் எடுக்கும்வரை காத்திருங்கள். ஒரு சறுக்கலோடு எல்லாம் போய்விடவில்லை, சீக்கிரமே சிகிச்சைக்குத் திரும்பினால் பிடித்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

படிக்கட்டு

ஒன்று விட்டுப்போயிற்று. அடித்தால் அது வேறு கணக்கு. குடியில் செய்தது என்று பொறுத்துப் போக வேண்டியதில்லை. 181 பெண்கள் உதவி எண். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவோடு, அதே வீட்டில் தங்கும் உரிமைக்கும் உத்தரவு வாங்கலாம். இலவச சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, எண் 15100. ஆளை வேனில் தூக்கிப்போய் அடைத்து வைக்கும் மையங்களுக்கு மட்டும் போன் போடாதீர்கள். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் பதிவான இடமா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள், காட்டத் தயங்கினால் அங்கே சேர்க்காதீர்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியாத ராத்திரிக்கு 14416, டெலி-மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள்.